லேப்டாப்பை மூடினால் சர்வர் வேலை ஏன் சாகிறது?

சர்வரில் 40 ஜிபி டேட்டாபேஸை பேக்கப்பிலிருந்து ரிஸ்டோருக்குப் போட்டுவிட்டு, லேப்டாப்பை மூடிக்கொண்டு சாப்பிடப் போனேன். திரும்பி வந்து திறந்தால் கடைசி வரியில் ‘புரோக்கன் பைப்’, அதாவது இணைப்பு அறுந்துவிட்டது. ரிஸ்டோர் பாதியில் நின்றிருந்தது.

சர்வர் மேல் தப்பில்லை. தூரத்து சர்வரில் கமாண்ட் அடிக்க நாம் போகும் வழி எஸ்எஸ்எச். அந்த இணைப்பு அறுந்ததும் அந்த டெர்மினலின் ஷெல்லுக்கு, அதாவது நம் கமாண்டுகளை வாங்கி ஓட்டும் புரோகிராமுக்கு, ‘சிக்ஹப்’ சிக்னல் போகும். ஷெல் அதைத் தன் கீழ் ஓடும் வேலைகளுக்கும் அனுப்பும். அதைக் கண்டுகொள்ளாமல் இருக்கத் தெரியாத புரோகிராம் அங்கேயே முடிந்துவிடும். பெயரில் உள்ள ‘ஹப்’ ஹேங்-அப்பின் சுருக்கம். மோடம் காலத்தில் போன் லைன் துண்டிக்கப்பட்டதைச் சொல்ல வந்த சிக்னல் இது.

இதற்கு மருந்து டிமக்ஸ் என்று பலருக்கும் தெரியும்; இணைப்பு போனாலும், தான் இருக்கும் மெஷினில் வேலையை ஓடவிடும் புரோகிராம் அது. ஆனாலும் அதை லேப்டாப்பில் திறந்து, அதற்குள்ளிருந்து எஸ்எஸ்எச் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் ஒருமுறை போனவன்தான். வைஃபை போனால் லேப்டாப்பில் டிமக்ஸ் பத்திரமாக இருக்கும், சர்வரில் வேலை இருக்காது. முதலில் எஸ்எஸ்எச், உள்ளே போன பிறகு டிமக்ஸ், அப்புறம்தான் கமாண்ட். வெளியே வர கன்ட்ரோல்-பி, பிறகு டி. மறுபடி நுழைய ‘டிமக்ஸ் அட்டாச்’.

டிமக்ஸ் இல்லாமல் ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டீர்களா? கன்ட்ரோல்-இசட் (வேலையை நிறுத்திவைக்க), ‘பிஜி’ (பின்னணியில் ஓடவிட), ‘டிஸ்ஓன்’ (ஷெல்லின் பட்டியலிலிருந்து எடுக்க) என்று வரிசையாக அடித்தால் ஷெல் அந்த வேலைக்கு சிக்ஹப் அனுப்பாது. இதை முழுதாக நம்ப வேண்டாம். அவுட்புட் இன்னும் பழைய டெர்மினலுக்கே போகிறது. அது மூடிய பிறகு எழுதப் போனால் எரர் வரும், சில புரோகிராம்கள் அதிலேயே விழுந்துவிடும். கமாண்டுக்கு முன்னால் ‘நோஹப்’ (சிக்ஹப்பைக் கண்டுகொள்ளாதே) போட்டு ஆரம்பித்திருந்தால் அவுட்புட் ஒரு ஃபைலுக்குப் போயிருக்கும். ஆனால் இடையில் ‘ஆமாவா, இல்லையா’ என்று கேட்கும் கமாண்டுக்கு நோஹப் சரிப்படாது, பதில் சொல்ல ஆள் இருக்காது.

சும்மா இருக்கும் இணைப்பை வழியிலுள்ள ரௌட்டர் வெட்டிவிடுவதும் உண்டு. இணைப்பைச் சும்மா விடாமல் வைக்க, லேப்டாப்பின் எஸ்எஸ்எச் கான்ஃபிகில் ‘சர்வர்அலைவ்இன்டர்வல் 60’ என்று ஒரு வரி போதும். உபுண்டுவின் பதிப்பை எஸ்எஸ்எச் வழியாக மாற்றும்போது, அவசர வழியாக 1022 போர்ட்டில் இன்னொரு எஸ்எஸ்எச்சைத் திறக்கட்டுமா என்று அப்கிரேடரே கேட்கும். யோசிக்காமல் என்டர் தட்டாமல் அதைப் படியுங்கள்.

இணைப்பு போனதும் பதறி அதே கமாண்டை மறுபடி அடிப்பதுதான் எனக்குப் பெரிய பயம். நம் பக்கம் அறுந்தது சர்வருக்குத் தெரியச் சில நிமிடங்கள், சில சமயம் அதற்கும் மேல் ஆகலாம். அதுவரை பழைய ரிஸ்டோர் ஓடிக்கொண்டே இருக்கும். புதியதும் சேர்ந்தால் ஒரே டேபிளில் இரண்டு பேர் எழுதுவார்கள். உள்ளே போனதும் முதலில் ஓடும் வேலைகளையெல்லாம் காட்டும் ‘பிஎஸ் ஆக்ஸ்’ அடித்துப் பழையது உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள்.