அமெரிக்க லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி: மொரீஷியஸ் எச்எஸ்சி மாணவர் தன் வாய்ப்பைக் கணக்கிடுவது எப்படி

ஆம்ஹர்ஸ்ட், ஸ்வார்த்மோர், போமோனா போன்ற, முதல் பட்டப்படிப்பை மையமாகக் கொண்ட சிறு அமெரிக்கக் கல்லூரிகளின் பெயரைச் சொன்னாலே பின்னாலேயே ஒரு சதவீதமும் வந்துவிடும்: நூறு பேரில் இத்தனை பேருக்குத்தான் இடம் என்று. மொரீஷியஸின் ரோஸ் ஹில்லிலோ கத்ர் போர்னிலோ இருந்து விண்ணப்பிக்கும் பிள்ளைக்கு அந்த எண்ணால் அதிகப் பயன் இல்லை. அமெரிக்கப் பிள்ளைகள், விளையாட்டுப் பயிற்சியாளர் முன்கூட்டியே தேர்ந்தெடுத்தவர்கள், முழுக் கட்டணமும் கட்டக்கூடியவர்கள் எல்லோரும் அதற்குள் கலந்திருக்கிறார்கள். நம் கணக்கைப் பணத்திலிருந்து தொடங்க வேண்டும்.

கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்தால் இந்தக் கல்லூரிகள் பலவற்றில் ஆண்டுக்கு 85,000 முதல் 95,000 டாலர் வரை ஆகும். நம் மொரீஷியஸ் காசில் ஏறக்குறைய 40 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா அம்மா உட்கார்ந்து, கடன் வாங்காமல் ஆண்டுக்கு எவ்வளவு தர முடியும் என்பதை ஒரே ஒரு எண்ணாக எழுதட்டும். அந்த எண் தெரியாமல் கல்லூரிப் பட்டியல் போடுவது வீண் வேலை. ஏனென்றால் பெரும்பாலான கல்லூரிகள் வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும்போது, அவர் எவ்வளவு உதவி கேட்கிறார் என்பதையும் பார்த்துத்தான் முடிவெடுக்கின்றன. ஆம்ஹர்ஸ்டும், 2022 முதல் போடனும் அப்படிப் பார்ப்பதில்லை. ஆனால் உலகமே அந்த இரண்டு வாசலில் போய் நிற்பதால் அங்கே நெரிசல் அதிகம்.

இங்கே பல குடும்பங்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. உதவியைக் குறைத்துக் கேட்டால் இடம் கிடைக்கும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று நினைப்பது. பிறகு பேச முடியாது. முதலில் கேட்காத வெளிநாட்டு மாணவருக்குப் பின்னாளில் உதவி தருவதில்லை என்று பல கல்லூரிகள் எழுதியே வைத்திருக்கின்றன. விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவம் வாங்கவும் முதல் ஆண்டுச் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்டியாக வேண்டும்.

அடுத்து, கல்லூரியின் பெயரோடு ‘காமன் டேட்டா செட்’ என்று சேர்த்துத் தேடுங்கள். பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் ஒரே வடிவில் வெளியிடும் புள்ளிவிவரத் தாள் அது, இலவசம். முழுவதும் படிக்க வேண்டியதில்லை. சி1 என்ற பகுதியில் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்று இருக்கும். சமீபத்திய தாள்களில் வெளிநாட்டு மாணவர்களைத் தனியாகப் பிரித்தும் காட்டுகிறார்கள். சி7-இல் மதிப்பெண், கட்டுரை, பரிந்துரைக் கடிதம், மாணவர் காட்டும் ஆர்வம் ஆகியவற்றில் எதற்கு எவ்வளவு மதிப்பு என்று இருக்கும். சி21-இல் ‘எர்லி டிசிஷன்’ எண்ணிக்கை; இடம் கிடைத்தால் சேர்ந்தே தீர்வேன் என்ற உறுதியோடு ஒரே கல்லூரிக்கு முன்கூட்டியே விண்ணப்பிப்பது அது. நமக்கு உயிர்நாடி எச்6: வெளிநாட்டு மாணவர் எத்தனை பேருக்குக் கல்லூரி உதவி தருகிறது, சராசரி எவ்வளவு என்பது அங்கேதான் இருக்கிறது.

ஒரு கற்பனைக் கல்லூரியை எடுத்துப் போட்டுப் பார்ப்போம். மொத்தம் 9,000 பேர் விண்ணப்பம், 900 பேருக்கு இடம், பத்து சதவீதம். வெளிநாட்டு விண்ணப்பம் 2,500, இடம் 80, உடனே 3.2 சதவீதமாக இறங்கிவிட்டது. எச்6-இல் 140 பேர், சராசரி 72,000 டாலர். அது நான்கு ஆண்டு மாணவர்களும் சேர்ந்த எண்ணிக்கை. நான்கால் வகுத்தால் ஓர் ஆண்டுக்கு 35 பேர். இடம் கிடைத்தவர்களில் பாதிக்குச் சற்று மேல் வந்து சேர்வார்கள் என்று கொண்டால், உதவியோடு ஏறக்குறைய 60 பேருக்குக் கடிதம் போயிருக்கும். உதவி கேட்டவர்கள் 2,000 பேர் என்றால் 3 சதவீதம். இதுதான் உங்கள் தொடக்கப் புள்ளி, பத்து அல்ல. சராசரித் தொகை 72,000 என்பதால் இந்தக் கல்லூரி ஏறக்குறைய முழுச் செலவையும் ஏற்கிறது. அதே இடத்தில் 25,000 என்று இருந்தால் அது கட்டணத்தில் தள்ளுபடி தரும் கல்லூரி. மீதி 60,000 டாலரைக் கையிலிருந்து கட்டத் தயாராக இருப்பவர்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம்.

அந்த 35 பேரிலும் ஒரு பகுதியினர் யுனைடெட் வேர்ல்ட் காலேஜ் என்ற பன்னாட்டுப் பள்ளிகளில் படித்துவிட்டு வருபவர்களாக இருக்கலாம். எஸ்வாட்டினியில் உள்ள வாட்டர்ஃபோர்ட் காம்லாபா அவற்றில் ஒன்று. அங்கே படித்தவர்களுக்காக டேவிஸ் உதவித்தொகைத் திட்டம் கல்லூரிகளுக்குப் பணம் தருகிறது. இந்தத் திட்டம் தொடங்கியபோது சேர்ந்த ஐந்தில் கோல்பி, மிடில்பரி, வெல்ஸ்லி மூன்றும் உண்டு. “அந்தக் கல்லூரி ஆப்பிரிக்கப் பிள்ளைகளை நிறைய எடுக்கிறதாம்” என்று யாராவது சொன்னால், எந்தப் பள்ளியிலிருந்து எடுக்கிறது என்று கேளுங்கள்.

இனி மதிப்பெண். எச்எஸ்சி என்பது கேம்பிரிட்ஜ் ஏ லெவல் என்பதால் அங்கே அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் உண்டு. மூன்று பிரின்சிபல் (முதன்மை) பாடங்களிலும் ஏ அல்லது ஏ ஸ்டார் வரும் என்று பள்ளி எதிர்பார்ப்பு கிரேடு தரவில்லையென்றால், முழு உதவி கேட்டு இந்த அடுக்கில் நிற்பது கடினம். இருந்தாலும் அது உள்ளே போகும் அனுமதிச் சீட்டு மட்டுமே. உடன் போட்டியிடும் இரண்டாயிரம் பேரில் பெரும்பாலோரிடம் அது இருக்கும். லோரெயா (எச்எஸ்சி-யில் அரசு உதவித்தொகை வென்றவர்) பட்டியலிலோ அதை ஒட்டிய ரேங்க்கிலோ வந்திருந்தால், தீவு முழுவதிலும் எத்தனையாவது இடம் என்பதைத் தவறாமல் எழுதுங்கள். அங்கே எல்லோருக்கும் புரியும் எண் அது.

கெடுப்பது பெரும்பாலும் பள்ளி ரிப்போர்ட்தான். நம் காலேஜ்களில், அதாவது மேல்நிலைப் பள்ளிகளில், டெர்ம் தேர்வுக்குக் கறாராகத் திருத்துவார்கள். 62 வாங்கிய பிள்ளை கேம்பிரிட்ஜ் தேர்வில் ஏ வாங்கும். அமெரிக்காவில் 62 என்றால் தோல்வியை ஒட்டிய நிலை. எச்எஸ்சி-க்கு முந்தைய எஸ்சி தேர்வில் 1 என்பது மிக உயர்ந்த கிரேடு என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருக்காது. கவுன்சலர் என்று தனியாக ஆள் இல்லாத பள்ளியில் விண்ணப்பத்தோடு பள்ளி அனுப்பும் படிவங்களை ரெக்டர்தான் (தலைமை ஆசிரியர்) நிரப்புவார். அவரிடம் ஒரு பக்கக் குறிப்பு ஒன்று தயாரித்துத் தரச் சொல்லுங்கள்: வகுப்பில் அந்தப் பாடத்தின் அதிகபட்ச மதிப்பெண், சராசரி, கிரேடு அளவுகோல், சென்ற ஆண்டு எத்தனை பேர் ஏ வாங்கினார்கள். இந்த ஒரு தாள் இல்லாததால் நல்ல விண்ணப்பமும் சாதாரணமாகத் தெரியும்.

பள்ளிக்கு வெளியே என்ன செய்தீர்கள் என்பதில் நம் பிள்ளைகள் பலவீனம். காரணம் ஊருக்கே தெரியும், டியூஷன். காலை பள்ளி, மாலை டியூஷன், சனிக்கிழமையும் டியூஷன். பல கல்லூரிகளுக்கும் பொதுவான இணைய விண்ணப்பமான காமன் ஆப்பில் பத்து நடவடிக்கைகளுக்கு இடம் உண்டு. ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துகள்தான். ‘கோயிலில் சேவை, தைப்பூசக் காவடிக்கு உதவி’ என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ‘கோயில் மாலை வகுப்பில் 14 சிறுவருக்குத் தமிழ் எழுத்துப் பயிற்சி, கிரியோல் பேசும் பிள்ளைகளுக்கேற்ற பயிற்சித்தாள் தயாரிப்பு’ என்றால் ஆள் கண்ணுக்குத் தெரிகிறார். உண்மையில் செய்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கிரேடு 12-இல் ஒரு டியூஷனை விட்டுவிட்டு இப்படி ஒன்றை இரண்டு ஆண்டு தொடர்வது, கடைசி நேரத்தில் சேர்க்கும் ஐந்து சான்றிதழ்களைவிட மேல்.

எஸ்ஏடி என்ற அமெரிக்க நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணை அனுப்புவதைக் கல்லூரி உங்கள் விருப்பத்துக்கு விட்டிருந்தால், அங்கே சேர்ந்தவர்களின் நடு மதிப்பெண்ணுக்கு மேலே இருந்தால் அனுப்புங்கள். கீழே இருந்தால் வேண்டாம். அந்த எண் சி9-இல் இருக்கும்.

நாட்காட்டியும் வாய்ப்பைக் கூட்டும், குறைக்கும். எர்லி டிசிஷன் கடைசி நாள் நவம்பர் 1 அல்லது 15. அப்போது எச்எஸ்சி எழுதிக்கொண்டிருப்பீர்கள். எர்லி டிசிஷனில் சதவீதம் கூடுதலாகத் தெரிவது உண்மை, ஆனால் விளையாட்டுக்காகத் தேர்ந்தவர்கள் பலர் அதற்குள்தான் இருக்கிறார்கள். அதைக் கழிக்காமல் ஆசைப்படாதீர்கள். நமக்குப் பொருத்தமானது ஜனவரித் தொடக்கத்தில் வரும் எர்லி டிசிஷன் இரண்டாம் சுற்று. இடம் கிடைத்தால் போயே ஆக வேண்டும். உதவி போதாது என்றால் மட்டும் விலகலாம். பள்ளி நவம்பரில் மூடிவிட்டால் ரெக்டர் கையெழுத்துக்கு அலைய நேரும். எதிர்பார்ப்பு கிரேடு, பரிந்துரைக் கடிதம், ரிப்போர்ட் எல்லாம் செப்டம்பருக்குள் ஏறிவிட வேண்டும். காமன் ஆப்பின் கடைசி நேரம் பொதுவாக நம் ஊர்க் கடிகாரப்படிதான். ஜனவரி புயல் காலம். மின்சாரமும் இணையமும் இருக்கும்போதே அனுப்பிவிடுங்கள்.

இத்தனையும் சேர்த்து ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு முடிவு எழுதுங்கள். தொடக்கப் புள்ளி 3 சதவீதம், மதிப்பெண் மேல்வரிசை, இரண்டு நடவடிக்கைகள் வலுவானவை என்றால் 5 முதல் 8 என்று மதிப்பிடலாம். அதற்கு மேல் போட்டால் உங்களை நீங்களே ஏமாற்றுகிறீர்கள். பெண் பிள்ளைகள் ஸ்மித், மவுண்ட் ஹோலியோக் இரண்டின் தாளையும் எடுத்து இதே கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஐந்து சதவீதக் கல்லூரி பதினைந்துக்கு விண்ணப்பித்தால் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்பது தவறு. எல்லோரும் ஒரே விண்ணப்பத்தைத்தான் படிக்கிறார்கள். அதில் இருக்கும் ஓட்டை பதினைந்து பேருக்கும் தெரியும்.

முழு உதவி கேட்பவருக்கு இந்தப் பட்டியலில் ‘உறுதியான’ கல்லூரி என்று எதுவும் கிடையாது. உறுதியான இடம் ரெடுவியில் இருக்கிறது: மொரீஷியஸ் பல்கலைக்கழகம். 2019 முதல் அரசு நிறுவனங்களில் முதல் பட்டப்படிப்புக்குக் கட்டணம் இல்லை. அந்த விண்ணப்பத்தையும் போட்டு வையுங்கள். எச்எஸ்சி முடிவு எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்தால், அன்றே ஒவ்வொரு கல்லூரியின் மாணவர் பக்கத்திலும் அதை ஏற்றுங்கள்; வழக்கமான சுற்றின் முடிவு மார்ச் கடைசியில்தான் வரும். எங்கும் கிடைக்கவில்லை, ஆனால் கையில் மூன்று ஏ ஸ்டார் இருக்கிறது என்றால், அடுத்த சுற்றில் எதிர்பார்ப்பு கிரேடுக்குப் பதில் உண்மையான கிரேடோடு விண்ணப்பிக்கலாம். அப்போது நவம்பரில் தேர்வும் இருக்காது.