மொட்டை மாடியிலிருந்து ஊரைப் படம் பிடிக்க

டிஷ் ஆன்டெனா மாட்டுவது என் தொழில். கிருஷ்ணகிரியில், அதுவும் பழையபேட்டையில், நான் ஏறாத மொட்டை மாடி குறைவு. ஊர் மாறுவதை உங்கள் மாடியிலிருந்தே வருடா வருடம் படம் எடுத்து வைக்க ஆசையா? அங்கிருந்து கோட்டை மலை தெரிகிறதா என்று முதலில் பாருங்கள்.

மலை இல்லாத படம் வெறும் கட்டடப் படம். விஜயநகரத்தார் கட்டி, ஹைதர் அலி, திப்பு கைக்கு வந்த கோட்டை அது. 1791ல் மேக்ஸ்வெல் தலைமையில் வந்த ஆங்கிலேயர் படை ஏறப் பார்த்து முடியாமல் திரும்பியது. மறுவருடம் திப்புவோடு செய்த உடன்படிக்கையில்தான் கோட்டை இருக்கும் பாராமகால் வட்டாரம் அவர்களுக்குக் கிடைத்தது. சண்டைக்கு மசியாத அந்தப் பாறையை இப்போது மாடி வீடுகள் கீழிருந்து மேலாக மறைத்துக்கொண்டு வருகின்றன. பாறையில் மழைநீர் வழிந்த கறுப்புக் கோடுகள் இருக்கும். எந்தக் கோட்டின் எவ்வளவு பாகம் தெரிகிறது என்று பார்த்தாலே ஊர் எவ்வளவு உயர்ந்தது என்று தெரிந்துவிடும்.

நிற்கும் இடத்தில் பெயின்டால் இரண்டு பாத அளவு வரைந்துவிடுங்கள். போனைக் கைப்பிடிச் சுவர் மேல் வைக்கும் இடத்துக்கும் ஒரு கோடு. ஜூம் வேண்டாம், அகலக் கோணமும் வேண்டாம், அதில் மலை குன்றாகிவிடும். திரையில் மலையைத் தொட்டு அழுத்திப் பிடித்தால் வெளிச்சம் அப்படியே நிற்கும்.

ஐப்பசியில் மழை விட்ட மறுநாள் எடுங்கள், தூசி அடங்கியிருக்கும். மார்கழிக் காலையில் பனி மலையை மூடும்; சித்திரை வெயிலில் எல்லாம் மங்கல். மலை உங்களுக்குக் கிழக்கே என்றால் சாயங்காலம், மேற்கே என்றால் காலை. திசை குழம்பினால் பக்கத்து மாடி டிஷ்களைப் பாருங்கள், எல்லாம் தென்கிழக்குப் பக்கமாகத்தான் திரும்பியிருக்கும்.

அப்புறம், படத்தில் கம்பிகளைத் தேடுங்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மாடியில் பில்லருக்கு மேல் கம்பியை நீட்டி விட்டிருந்தால் அந்த வீட்டுக்காரர் மனதில் இன்னொரு மாடி இருக்கிறது. துருப்பிடிக்காமல் சிமென்ட் பால் பூசியிருந்தால் பணம் சேரும் வரை காத்திருக்கிறார். பக்கத்தில் செங்கல்லும் ஜல்லியும் ஏறியிருந்தால் அடுத்த ஐப்பசிக்குள் உங்கள் மலையில் ஒரு துண்டு போச்சு. ஓட்டு வீடுகளையும் விடாதீர்கள், அவைதான் முதலில் காணாமல் போகின்றன.

பக்கத்து மாடியில் துணி காயப்போடும் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுங்கள். தண்ணீர்த் தொட்டி மேலோ, சிமென்ட் ஷீட் மேலோ ஏற வேண்டாம்.

எதிர்வீடு உயர்ந்து மலை முழுசாக மறைந்துவிட்டால்? பழைய இடத்தில் கடைசியாக ஒன்று, மலை தெரியும் வேறு மாடியில் ஒன்று, இரண்டையும் ஒரே நாளில் எடுத்து வருடம் போட்டுச் சேர்த்து வையுங்கள். அந்த வேறு மாடிக்கு முதலில் எதிர்வீட்டுக்காரரையே கேளுங்கள், மறைத்தவர் அவர்தானே.