ஆர் பயிற்சியில் முதலில் செய்ய வேண்டியது

உயர்நிலை ஆர் (R, புள்ளியியல் கணக்குகளுக்கான நிரல்மொழி) பயிற்சியில் சேரும் உயிரியல் ஆய்வாளர்கள், முதல் வாரமே கற்பனைத் தரவு உருவாக்கிப் பழகுங்கள். என் கண்ணைத் திறந்தது இதுதான்.

மருந்து கொடுத்த எலிகள் 3, கொடுக்காதவை 3, ஒவ்வொன்றிலும் 100 செல்கள். மருந்துக்கு விளைவே இல்லை, எலிக்கு எலி மட்டும் சற்று வேறுபாடு என்று வைத்து எண்களை உருவாக்குங்கள். அப்புறம் 600 செல்களையும் தனித்தனி மாதிரிகளாகக் கருதி டி-டெஸ்ட் (இரு குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் சோதனை) போடுங்கள். இதையெல்லாம் லூப்பில் (திரும்பத் திரும்ப ஓட வைக்கும் கட்டளை), ஒவ்வொரு முறையும் புது எண்களோடு 1000 முறை ஓட்டினால், பி மதிப்பு (விளைவே இல்லாதபோதும் இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.05-க்குக் கீழே சுமார் 50 முறைதான் வர வேண்டும். பல நூறு முறை வரும்! ஒரே எலியின் செல்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதுதான் காரணம். எலிவாரியாகச் சராசரி எடுத்து மறுபடி ஓட்டிப் பாருங்கள், 50-ஐ ஒட்டி இறங்கிவிடும்.

தொடங்கும் முன் செட்.சீட் (set.seed, தற்செயல் எண்களின் தொடக்கத்தை நிலைப்படுத்தும் கட்டளை) கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் அதே விடை கிடைக்காது.