ஒரு மருத்துவ ஆய்வாளரின் சைட்டேஷன் கணக்கைப் பிரித்துப் பார்ப்பது எப்படி

பிஎச்.டி.க்கு கைடு தேடுபவர்கள், ஒரு லேப்பில் சேரலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்கள், கல்லூரி வாசலில் 'உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானி' ஃப்ளெக்ஸைப் பார்த்துவிட்டு அப்படியென்றால் என்ன என்று குழம்பியவர்கள், இவர்களுக்காக எழுதுகிறேன். சைட்டேஷன் என்றால் ஒருவருடைய பேப்பரை வேறொரு பேப்பர் மேற்கோள் காட்டுவது. மருத்துவம், உயிரியல் பக்கத்து ஆய்வாளர்களைப் பற்றி மட்டும்தான். கணிதக்காரர்களின் வழக்கமே வேறு, அதை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நான் கைடு தேடிய காலத்தில் ஆய்வுப் பேப்பர்களைத் தேடும் தளமான கூகுள் ஸ்காலரில் ஒருவருடைய பக்கத்தில் 2,800 சைட்டேஷன் என்று பார்த்ததும் அன்றைக்கே மெயில் போட்டுவிட்டேன். நேரில் போவதற்கு முந்தின இரவு சும்மா பேப்பர் தலைப்புகளை வரிசையாகப் படித்துக்கொண்டு வந்தால், புற்றுநோய் செல் பற்றி நாலு, நெற்பயிர்க் குலைநோய் பற்றி ஏழு. அதே பெயர், அதே இனிஷியல் கொண்ட வேளாண் விஞ்ஞானி ஒருவருடைய பேப்பர்களை ஸ்காலர் தானாகவே இவர் கணக்கில் சேர்த்திருக்கிறது, இவரும் எடுத்துப்போடவில்லை. தெரியாமல் விட்டாரா, தெரிந்தே விட்டாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆகவே முதல் வேலை, இதெல்லாம் ஒரே ஆள் எழுதியதுதானா என்று பார்ப்பது. நம்மூர்ப் பெயர்களுக்கு இது இன்னும் சிக்கல். எஸ். முருகன் என்ற ஒருவர், அப்பா பெயர் செல்வராஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில ஜர்னல்களில் 'முருகன் எஸ்' என்று வருவார். இனிஷியலை விரித்து எழுதச் சொன்ன இடத்தில் 'முருகன் செல்வராஜ்' என்று கொடுத்திருப்பார், உடனே அந்த ஜர்னல் செல்வராஜைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு 'செல்வராஜ் எம்' ஆக்கிவிடும். பாதி வாழ்க்கை அப்பா பெயரில் போய்ச் சேர்ந்துவிடும். மருத்துவப் பேப்பர்களைத் தேடும் இலவசத் தளமான பப்மெட்டில் தேடும்போது இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள், பெயருக்குப் பின்னால் சதுர அடைப்புக்குறிக்குள் ஆத்தர் என்று ஆங்கிலத்தில் சேர்த்தால் எழுத்தாளர் பெயரில் மட்டும் தேடும். ஆர்க்கிட் (ORCID) என்ற ஆய்வாளர் அடையாள எண் இருந்தால் பாதித் தலைவலி குறைந்தது. அது 16 இலக்கத்தில் ஆளுக்கு ஒன்று, பெயர் எப்படி மாறினாலும் எண் மாறாது.

சரி, ஆள் இவர்தான் என்று உறுதியானது. இப்போது எண்கள்.

எச்-இண்டெக்ஸ் என்பது 2005-இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியல்காரர் சொன்ன கணக்கு. பேப்பர்களைச் சைட்டேஷன்படி இறங்குவரிசையில் அடுக்கினால், சைட்டேஷன் வரிசை எண்ணுக்குக் குறையாமல் எத்தனையாவது பேப்பர் வரை வருகிறதோ அதுதான் எச்-இண்டெக்ஸ். காகிதத்தில் ஒருமுறை போட்டுப் பார்த்தால்தான் புரியும். ஒருவர் பத்து பேப்பர் போட்டிருக்கிறார், சைட்டேஷன்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குகிறோம்: 120, 64, 31, 18, 9, 7, 6, 3, 1, 0. ஆறாவது பேப்பருக்கு 7, அதாவது ஆறுக்குக் குறையவில்லை. ஏழாவதற்கு 6 தான், அது ஏழைத் தொடவில்லை. எனவே எச்-இண்டெக்ஸ் 6. இதில் வேடிக்கை என்னவென்றால், முதல் பேப்பரின் 120-ஐ 12,000 ஆக்கினாலும் எச்-இண்டெக்ஸ் அதே 6 தான். அந்தப் பேப்பரையே அடித்துவிட்டாலும் 64, 31, 18, 9, 7, 6 என்று ஆறு பேப்பர் மிஞ்சுகிறது, அப்போதும் 6 தான்! வாழ்நாளில் ஒரே ஒரு பெரிய வேலை செய்தவரை இந்த எண் கண்டுகொள்ளாது, சுமாராக நிறைய எழுதியவரைத் தூக்கிவிடும். அதோடு இது ஏறுமே தவிர இறங்காது, அதனால் முப்பது வருடம் சர்வீஸ் போட்டவரையும் ஐந்து வருடம் ஆனவரையும் இதை வைத்து ஒப்பிடுவது நியாயமே இல்லை. ஐ10 என்று பக்கத்தில் இருப்பது பத்து சைட்டேஷனாவது வாங்கிய பேப்பர் எத்தனை என்பது. நம் ஆளுக்கு 4.

எண்ணை ஏமாற்றவும் முடியும். 2010-இல் பிரான்சில் சிரில் லாபே என்பவர், ஐக் ஆன்ட்காரே என்று இல்லாத ஒரு விஞ்ஞானியை உருவாக்கி, கம்ப்யூட்டர் தானாக எழுதிய உளறல் பேப்பர்களை ஒன்றையொன்று சைட் செய்ய வைத்து, கூகுள் ஸ்காலர் தரவை வைத்துக் கணக்கிட்டால் எச்-இண்டெக்ஸ் 94 வரும்படி செய்து காட்டினார். அன்றைக்கு ஐன்ஸ்டைனுக்கே அவ்வளவு இல்லை.

அதனால் மொத்த எண்ணை விட்டுவிட்டு ஒவ்வொரு பேப்பராகத் திறந்து பாருங்கள். எல்லாம் வேண்டாம், சைட்டேஷன் வரிசையில் மேலே இருக்கும் ஐந்து, அப்புறம் ஆண்டு வரிசைக்கு மாற்றி மேலே வரும் ஐந்து. இந்தப் பத்திலேயே ஆள் தெரிந்துவிடுவார்.

ஒவ்வொன்றிலும் நான் முதலில் பார்ப்பது பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று. நம் துறையில் முதல் பெயர் லேப்பில் சோதனைகளைத் தன் கையால் செய்தவர், கடைசிப் பெயர் லேப் தலைவர், நடுவில் இருப்பவர்கள் ஏதோ ஒரு வகையில் கை கொடுத்தவர்கள். மேலே இருக்கும் ஐந்து பேப்பரிலும் ஆள் நடுவில் இருந்தால் அடுத்து எத்தனை பேர் எழுதியது என்று எண்ணுங்கள். உலக நோய்ச்சுமை ஆய்வு என்று லான்செட் என்ற மருத்துவ இதழில் வருகிற பேப்பர்களில் எழுத்தாளர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள், சைட்டேஷன் ஆயிரக்கணக்கில் வரும், அந்த ஆயிரமும் ஒவ்வொருவர் கணக்கிலும் முழுசாக ஏறும். பங்கு பிரிப்பதெல்லாம் கிடையாது. தப்பு என்று சொல்லவில்லை, தரவு கொடுத்தவருக்குப் பெயர் போக வேண்டியதுதான், ஆனால் அதை வைத்து அவர் லேப்பைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை.

இரண்டாவது, அது என்ன வகைப் பேப்பர். ரிவ்யூ, அதாவது ஒரு விஷயத்தில் மற்றவர்கள் செய்த வேலைகளைத் தொகுத்துச் சொல்லும் பேப்பர் எழுதினால் சைட்டேஷன் அள்ளும். ஹனஹானும் வைன்பெர்க்கும் 2000-இல் செல் இதழில் புற்றுநோயின் அடையாளங்கள் பற்றி எழுதியதும், 2011-இல் அதையே விரித்து எழுதியதும் ரிவ்யூக்கள்தான், புற்றுநோய் பேப்பர் எதை எடுத்தாலும் முன்னுரையில் அவை இரண்டில் ஒன்று இருக்கும். செய்முறைப் பேப்பருக்கு அதைவிட ராசி. புரதத்தின் அளவைக் கண்டுபிடிக்க ஆலிவர் லோரி 1951-இல் எழுதிய பேப்பர் 2014 கணக்குப்படியே 3 லட்சத்தைத் தாண்டிவிட்டது, அன்றைக்கு உலகில் அதுதான் முதலிடம். அது ஒன்றும் மகத்தான பேப்பர் இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். டிஎன்ஏவின் அமைப்பைச் சொன்ன 1953 பேப்பரோ அந்த முதல் நூறில்கூட இல்லை. எல்லாருக்கும் தெரிந்துபோன விஷயத்தை யாரும் சைட் செய்வதில்லை, தினமும் பயன்படுத்தும் செய்முறையை சைட் செய்தே ஆக வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவது, யார் சைட் செய்கிறார்கள். இதைத்தான் பலரும் செய்வதில்லை, ஐந்து நிமிடம்தான் ஆகும். ஸ்காலரில் அந்த எண்ணைத் தட்டினால் சைட் செய்த பேப்பர்களின் பட்டியல் வரும். முதல் இரண்டு பக்கத்தில் திரும்பத் திரும்ப அதே ஆளின் பெயரும் அவர் பழைய மாணவர்கள் பெயருமாக வந்தால் புரிந்துகொள்ளுங்கள். தன் வேலையைத் தானே கொஞ்சம் சைட் செய்வது இயல்பு, நானும் செய்வேன், ஆனால் பாதிக்குப் பாதி அதுவே என்றால் சரியில்லை. ஸ்கோப்பஸ் என்ற கட்டணத் தரவுத்தளத்தில் சுய சைட்டேஷனைக் கழித்துவிட்டுப் பார்க்க வசதி உண்டு, கல்லூரி நூலகத்தில் சந்தா இருந்தால் பயன்படுத்துங்கள்.

சைட் செய்தவர்கள் திட்டுவதற்காகச் செய்திருக்கலாம் என்பதும் நினைவில் இருக்கட்டும். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்டு வேக்ஃபீல்டு 1998-இல் லான்செட்டில் எழுதியது வெறும் 12 குழந்தைகளைப் பற்றியது. 2010-இல் ஜர்னலே அதைத் திரும்பப் பெற்றுவிட்டது. அதற்கும் சைட்டேஷன் ஏராளம், பெரும்பாலும் அது தவறு என்று சொல்வதற்காக. சைட்டேஷனை எண்ணும் மெஷினுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. எனவே மேலே உள்ள பேப்பர்களை ஒருமுறை பப்மெட்டிலும் தேடிப் பார்த்துவிடுங்கள், திரும்பப் பெற்றதாக இருந்தால் பக்கத்தின் தலையிலேயே அறிவிப்பு இருக்கும். அல்சைமர் நோயில் ஒரு குறிப்பிட்ட புரதத்தைக் குற்றவாளி என்று காட்டிய 2006 நேச்சர் இதழ்ப் பேப்பர், ஆயிரக்கணக்கில் சைட்டேஷன் வாங்கிய பிறகு, 2024-இல்தான் திரும்பப் பெறப்பட்டது.

அந்த 2 சதவீத ஃப்ளெக்ஸுக்கு வருவோம். ஸ்டான்ஃபோர்டில் ஜான் அயோனிடிஸ் குழு ஸ்கோப்பஸ் தரவை வைத்துத் தயாரிக்கிற பட்டியல் அது. வாழ்நாள் முழுவதற்கும் ஒன்று, ஒரே ஓர் ஆண்டுக்கு ஒன்று என்று இரண்டு உண்டு, ஃப்ளெக்ஸில் எது என்று போட மாட்டார்கள், கேளுங்கள். பட்டியலில் சுய சைட்டேஷனைக் கழித்தும் கழிக்காமலும் தனித்தனியாகப் போட்டிருப்பார்கள், இரண்டு இடத்துக்கும் பெரிய இடைவெளி இருந்தால் கதை அங்கேதான் இருக்கிறது.

துறைக்குத் துறை ஒப்பிட வேண்டுமென்றால் அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்ஐஎச் நடத்தும் ஐசைட் என்ற இலவசத் தளம் இருக்கிறது. பப்மெட் எண்ணைக் கொடுத்தால் அதே துறைப் பேப்பர்களோடு ஒப்பிட்டு ஒரு விகிதம் தரும், 1 என்றால் அந்தத் துறையில் என்ஐஎச் நிதியில் வந்த பேப்பர்களின் நடுமட்டம். பாம்புக்கடி பற்றி எழுதுபவரைப் புற்றுநோய்க்காரரோடு மோதவிடுவதற்கு இது எவ்வளவோ மேல். ஜர்னலின் பேப்பர்கள் சராசரியாக எவ்வளவு சைட்டேஷன் வாங்குகின்றன என்று சொல்லும் இம்பாக்ட் ஃபேக்டரைப் பற்றிக் கேட்கவே கேட்காதீர்கள், அது ஜர்னலுக்கு, ஆளுக்கு இல்லை.

எண் குறைவாக இருக்கிறதே என்று ஒதுக்கவும் அவசரப்படாதீர்கள். கதலின் கரிகோவும் ட்ரூ வைஸ்மனும் எம்ஆர்என்ஏவை உடம்பு எதிர்க்காமல் இருக்கச் செய்த வழியை 2005-இல் இம்யூனிட்டி இதழில் எழுதினார்கள். அப்போது பெரிதாக யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, கோவிட் தடுப்பூசி வந்த பிறகு, 2023-இல் நோபல். ஸ்காலரில் ஒருவருடைய பக்கத்தில் இருக்கும் பேப்பரின் தலைப்பைத் தட்டினால் ஆண்டுவாரியாகப் பட்டை வரைபடம் வரும். இதுபோல வெகுநாள் கழித்து எழும் பேப்பர் எப்படித் தெரியும் என்று அதில் பார்த்துப் பழகலாம்.

இன்னொன்று நம்ம சென்னையில் நடந்தது. காசநோயாளியைச் சானடோரியம் என்ற தனி மருத்துவமனையில் வைத்துத்தான் குணப்படுத்த வேண்டுமா, வீட்டிலேயே மருந்து கொடுத்தால் போதாதா என்று 1956-இல் தொடங்கிய சேத்துப்பட்டு மையத்தில் ஒப்பிட்டுப் பார்த்து, வீடே போதும் என்று 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டினில் போட்டார்கள். உலகமே காசநோய்க்குச் சிகிச்சை தரும் விதத்தை அது மாற்றியது. ஆனால் அந்தப் பேப்பரில் எழுத்தாளர் இடத்தில் இருப்பது ஆட்களின் பெயர் அல்ல, 'மெட்ராஸ் காசநோய் வேதிச்சிகிச்சை மையம்' என்ற நிறுவனத்தின் பெயர். அங்கே உழைத்த எவருடைய பெயரைப் போட்டுத் தேடினாலும் அது வராது. தலைப்பைப் போட்டுத்தான் தேட வேண்டும்.