கிட்டார் உடலுக்கு டெம்ப்ளேட் வெட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகக் கிட்டார் செய்ய வருகிறவர்கள், உடலின் வடிவத்தை மரத்தில் வரைய உதவும் மாதிரி அச்சான டெம்ப்ளேட்டை வெட்டும்போது, நான் பல வருடம் முன்பு விழுந்த அதே குழிகளில் விழுவதைப் பார்க்கிறேன். ரம்பம் கோணுவது, பசை வழிவது எல்லாம் கை பழகினால் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

உடல் ஒரு கிட்டாரிலிருந்து, கழுத்து இன்னொன்றிலிருந்து

இதைக் கண்டால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும். முதுகுக்கும் பக்கங்களுக்குமான ஒரு முழு ஈட்டி மர செட்டை இதில்தான் இழந்தேன்.

கழுத்து 14ஆவது ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) உடலோடு சேரும் ஒரு கிட்டாரின் வெளிக்கோட்டை அப்படியே வரைந்தெடுத்தேன். 12ஆவது ஃப்ரெட்டில் சேர்ந்தால் நாதம் கனிவாக இருக்கும் என்று யாரோ சொல்ல, கழுத்தை மட்டும் மாற்றிவிட்டேன். பெட்டியை மூடி, கம்பிகளை மேற்பலகையில் பிணைக்கும் கட்டையான பிரிட்ஜுக்கு இடம் குறிக்கும்போதுதான் வயிற்றைக் கலக்கியது.

கணக்கு எளிது. ஸ்கேல் நீளம் (கம்பியின் அதிரும் நீளம்) 645 மி.மீ. என்றால், 12ஆவது ஃப்ரெட்டிலிருந்து சேடில் (பிரிட்ஜின் மேல் கம்பிகளைத் தாங்கும் பட்டை) வரை 322.5 மி.மீ.; 14ஆவதிலிருந்து சுமார் 287. அதாவது பிரிட்ஜ் 35 மி.மீ. பின்னால் போகிறது, ஏறத்தாழ அதன் அகலம் அளவுக்கே. மேற்பலகையைத் தாங்க உள்ளே ஒட்டிய எக்ஸ் பிரேசிங்கும் (X வடிவக் குறுக்குச் சட்டங்கள்) பிரிட்ஜ் பிளேட்டும் (பிரிட்ஜுக்கு அடியில் வரும் பலகை) பழைய இடத்திலேயே நிற்கின்றன. ஆறு கம்பிகளும் சேர்ந்து 70 கிலோவுக்குக் குறையாமல் இழுக்கும். மனசு கேட்காமல் கம்பி பூட்டினேன். சில மாதங்களில் மேற்பலகை புடைத்துக்கொண்டது.

1929இல் கிட்டார் செய்யும் மார்ட்டின் கம்பெனி என்ன செய்தது என்று பாருங்கள். பான்ஜோ கலைஞர் பெர்ரி பெக்டெலுக்காக 14 ஃப்ரெட் கழுத்து வைத்தபோது, அவர்கள் கழுத்தை மட்டும் நகர்த்தவில்லை. தங்கள் 000 என்ற மாடலின் உடலின் தோள்களைச் சதுரமாக்கி, உடலையே சுமார் ஓர் அங்குலம் குறுக்கினார்கள். ஓஎம் (OM) என்ற உடல் வடிவம் பிறந்தது அப்படித்தான்.

ஆகவே முதலில் ஸ்கேல் நீளம், பிறகு சேரும் ஃப்ரெட், பிறகு நடுக்கோட்டில் சேடிலின் இடம். அந்தப் புள்ளி உடலின் கீழ்ப்பாகம் அகன்றிருக்கும் இடத்தை ஒட்டி விழுகிறதா என்று பார்த்த பிறகே வெளிக்கோடு. அழகான வளைவை முதலில் வரைந்துவிட்டுப் பிரிட்ஜுக்கு இடம் தேடாதீர்கள்.

பிரிண்ட் எடுத்த தாளை நம்புவது

வரைபடத்தில் 100 மி.மீ. என்று குறித்திருக்கும் கோட்டை அளந்து பாருங்கள். 97 இருந்தால் தாளைக் கிழித்துப் போடுங்கள்.

முழு டெம்ப்ளேட் வெட்டுவது

பாதி போதும். நடுக்கோட்டில் திருப்பிப் போட்டு வரையுங்கள்.

பலகையை அளக்காமல் ஜம்போ

ட்ரெட்நாட், ஜம்போ இரண்டும் பெரிய உடல் வடிவங்கள்; முதுகும் மேற்பலகையும் இரண்டு பாதிகளை ஒட்டிச் செய்பவை. ட்ரெட்நாட் அகலம் சுமார் 397 மி.மீ.; ஒரு பாதிக்கு 199. பதினேழு அங்குல ஜம்போவுக்கு 216 வேண்டும். கையில் இருப்பது 205 மி.மீ. பலகை என்றால் ஜம்போ ஆசையை இப்போதே விட்டுவிடுங்கள்.

இடுப்பை ஒடுக்குவது

காகிதத்தில் எந்த வளைவும் வளையும். பக்கப் பலகையை வளைக்கும் சூடான குழாயில் 2 மி.மீ. ஈட்டி பெரும்பாலும் சொன்ன பேச்சு கேட்கும். அலை ரேகை ஓடும் மேப்பிள் படக்கென்று விரிசல் விடும். உங்கள் டெம்ப்ளேட்டின் இடுப்பு வளைவை அதே மரத்தின் துண்டு ஒன்றில் வளைத்துப் பாருங்கள். துண்டு உடைந்தால் டெம்ப்ளேட்டைத் திருத்துங்கள்.