ஜேம்ஸ்டவுன்: தண்ணீர், அழுக்குச் சட்டை, எழுதுபவர்கள் செய்யும் தவறுகள்

வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் முதலில் நிலைத்துக் குடியேறிய ஊர் ஜேம்ஸ்டவுன். அதைப் பற்றி எழுதும் பலர், முதல் காட்சியிலேயே ஒரு பெண்ணை ஆற்றங்கரையில் துணி துவைக்க உட்காரவைத்துவிடுகிறார்கள். 1607 மே மாதம் அங்கே குடியேறிய 104 பேரில் பெண் ஒருத்திகூட இல்லை. முதல் இரு ஆங்கிலேயப் பெண்கள் வந்தது 1608இல். அதுவரை அவரவர் சட்டையை அவரவரே துவைத்திருக்க வேண்டும், அல்லது துவைக்காமலே போட்டுக்கொண்டு அலைந்திருக்க வேண்டும். பின்னதுதான் அதிகம் நடந்திருக்கும் என்பது என் சந்தேகம்.

இதைவிடப் பெரிய தவறு, ஆறு பக்கத்திலேயே ஓடியதால் தண்ணீர்க் கவலை இல்லை என்று எழுதுவது. அவர்கள் வந்த மே மாதத்தில் ஆற்றில் நன்னீர் வரத்து இருந்தது. கோடை முற்ற வரத்து குறைந்தது, உவர்நீர் மேலேறி வந்தது. கடல் ஏற்றத்தில் ஒரே உப்பு, வற்றத்தில் சேறும் அசிங்கமும் என்று அங்கே வாழ்ந்த ஜார்ஜ் பெர்சி எழுதிவைத்திருக்கிறார். அதைத்தான் குடித்தார்கள். வீக்கம், வயிற்றுப்போக்கு, கடுங்காய்ச்சல் என்று இலையுதிர் காலத்துக்குள் ஏறக்குறைய பாதிப் பேர் போய்விட்டார்கள். போதாக்குறைக்கு 1606 முதல் 1612 வரை வறட்சி. 770 ஆண்டுகளில் இவ்வளவு வறண்ட ஏழாண்டு வேறில்லை என்று மர வளையங்களை ஆராய்ந்தவர்கள் கணித்திருக்கிறார்கள். அவர்கள் கட்டிய கோட்டைக்குள் கிணறு தோண்டியதோ 1609இல்தான். 1607 கோடைச் சாவுகளை 1609–10 குளிர்காலப் பட்டினிச் சாவுகளோடு போட்டுக் குழப்புவதும் வழக்கமாக நடக்கிறது.

துவைப்பது என்றால் எல்லா உடையும் என்று நினைக்கவேண்டாம். உடம்போடு ஒட்டும் லினன் சட்டைதான் துவைக்கப்பட்டது. மேலே போடும் கம்பளி உடை தண்ணீரைக் கண்டது அபூர்வம்.

துவைப்பது வீட்டு வேலை, அதற்கு ஆவணம் ஏது என்று கைவிட்டுவிடுவதும் தவறு. 1610இல் இயற்றி 1611இல் விரிவாக்கிய கடுமையான சட்டத்திலேயே அது இருக்கிறது. கோட்டை வேலிக்குள்ளோ, வேலியிலிருந்து 40 அடிக்குள்ளோ அழுக்குத் துணி துவைக்கக் கூடாது, அந்தத் தண்ணீரைத் தெருவில் கொட்டக் கூடாது. கிணற்றிலிருந்து 20 அடிக்குள் பானை சட்டி கழுவக் கூடாது. மலம் கழிக்கக் கால் மைல் தள்ளிப் போக வேண்டும். மீறினால் சவுக்கடி. 20 அடி மண் எதை வடிகட்டும் என்று நம்பினார்களோ!

சலவைக்காரிகளுக்குக் கூலி கிடையாது, பண்டகசாலைப் படி மட்டும்தான். துணியைத் திருடினாலோ, நல்லதை வைத்துக்கொண்டு கிழிசலைக் கொடுத்தாலோ சவுக்கடியோடு, ஈடு செய்யும்வரை சிறை. கிழிசல் மாற்றத்தைச் சட்டத்தில் தனியாகக் குறிப்பிட்டிருப்பதைப் பார்த்தால், ஜேம்ஸ்டவுனில் நல்ல சட்டைக்கு எவ்வளவு தட்டுப்பாடு என்று புரிகிறது.