விசில் இல்லாத ஆட்டம்: இரண்டு தெருப் பிள்ளைகளைச் சேர்த்து ஆடவைப்பது எப்படி

பகையுள்ள இரண்டு தெருக்களுக்கு நடுவே போட்டி வைத்தால் ஒற்றுமை வரும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். மேலத்தெரு டீம், கீழத்தெரு டீம் என்று இறக்கிவிட்டால், கோயில் கொடையில் பாதியில் நின்ற சண்டை மைதானத்தில் தொடரும். பி.டி. வாத்தியாராக இதை நிறையவே பார்த்துவிட்டேன். நான் இப்போது நடத்துவது கொலம்பியாவில் பிறந்த கால்பந்து முறை.

1994 உலகக் கோப்பையில் அமெரிக்காவுக்கு எதிராகத் தன் வலைக்குள்ளேயே பந்தைத் தட்டிவிட்ட கொலம்பிய வீரர் ஆந்த்ரேஸ் எஸ்கோபார், ஊர் திரும்பிய சில நாட்களில், ஜூலை 2 அன்று, மெதெயின் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன்பின் அங்கே யூர்கன் கிரீஸ்பெக் என்ற ஜெர்மானியரும் உள்ளூர்க்காரர்களும், கும்பல் சண்டைகளுக்கு நடுவே வளர்ந்த பிள்ளைகளுக்காக ஆட்டத்தையே மாற்றி அமைத்தார்கள். நடுவர் கிடையாது. ஆணும் பெண்ணும் சேர்ந்த அணி. முதல் கோலைப் பெண்தான் போட வேண்டும்.

பக்கத்துக்கு ஐந்து பேர் போதும். சீட்டுக் குலுக்கி, ஒவ்வொரு அணியிலும் இரண்டு தெருவும் வருகிற மாதிரி பிரியுங்கள். கையில் கட்டிய சாதிக் கயிறைக் கழற்றச் சொல்லி உபதேசம் செய்ய வேண்டாம். விளையாடும்போது கையில் காப்பு, பட்டை எதுவும் கூடாது என்று கால்பந்து விதியே சொல்கிறது. அதைச் சொன்னால் முணுமுணுத்துக்கொண்டே கழற்றுவார்கள்.

அப்புறம் வட்டமாக உட்கார வைத்து, அன்றைய விதிகளை அவர்களையே பேசி முடிவு செய்ய விடுங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம். எங்கள் பிள்ளைகள் அடிக்கடி எடுப்பது இவை: ஃபவுல் செய்தவனே கை தூக்க வேண்டும், யாரையும் தெருப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, பெண் பிள்ளை ஒரு கோல் போடும்வரை பையன்கள் கோல் செல்லாது. இந்தக் கடைசி விதி வந்த பிறகுதான், பந்தை யாருக்கும் தராத சூரர்கள் பாஸ் என்று ஒன்று இருப்பதையே கண்டுபிடிக்கிறார்கள்.

ஆட்டத்தின்போது வெளியே ஒரு மூத்த மாணவி நிற்கட்டும். தகராறு தானாக அடங்காவிட்டால் மட்டும் அவள் உள்ளே வந்து, “என்ன பேசி வச்சீங்க?” என்று கேட்பாள். தீர்ப்பு சொல்ல மாட்டாள். வாத்தியார் நீங்கள் விசிலை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது நல்லது.

முடிந்ததும் மறுபடி வட்டம். வெற்றிக்கு 3 புள்ளி, சமனுக்கு 2, தோல்விக்கு 1. நேர்மைக்கு 3 வரை எதிரணி தரும். ஆக, கோலில் தோற்ற அணி மொத்தத்தில் முந்தலாம். சமயத்தில் இரண்டு பக்கமும் பேசி வைத்துக்கொண்டு முழுப் புள்ளியும் போட்டுக்கொள்வார்கள். “எந்த இடத்தில் நேர்மையாக ஆடினான், சொல்லு” என்று கேளுங்கள்.

சுழற்கோப்பை, ரொக்கப் பரிசு, மேடை, மாலை எதுவும் வேண்டாம். சுண்டல் போதும். பெண் பிள்ளைகளின் வீட்டுக்கு முன்கூட்டியே நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள், இருட்டுவதற்குள் ஆட்டத்தை முடித்துவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த வாரம் அவர்கள் வர மாட்டார்கள்.